எட்டணாவும் டோரண்டும்

"அறிவு பொதுச்சொத்து தோழர். கேமும் அறிவுதான். டோரண்ட்ல ஏத்தி விட்டுடுவோம், நம்ம பசங்க விளையாடட்டும்."

நம் வாசிப்பு வட்டங்களில் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி கேட்கிறது. பேசுகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றாம் தேதி ஆனால் சம்பளம் வாங்குகிறவர்கள். அடுத்தவர் உழைப்பை அள்ளிக் கொடுத்துவிட்டு அதற்குப் புரட்சி என்று பெயர் வைக்க அவர்களுக்கு ஒரு பைசா செலவில்லை. இந்தப் பேச்சில் பாதி சரி, பாதி ஆபத்து. சரியான பாதியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆபத்தான பாதியையும் யாராவது பேச வேண்டாமா?

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்காக இரண்டு வரி. பெரிய நிறுவனத்தின் பணம் இல்லாமல், ஒருவரோ நாலைந்து பேரோ சேர்ந்து செய்வது இண்டி கேம். டோரண்ட் என்பது 2001இல் பிராம் கோஹன் கொண்டுவந்த முறை. ஒரு கோப்பு சிறு சிறு துண்டுகளாகப் பிரியும். இறக்கிக்கொள்கிற ஒவ்வொருவரும் தன்னிடம் வந்த துண்டை அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார். நடுவில் கடைக்காரர் கிடையாது, சர்வர் வாடகை கிடையாது. முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு பிறருக்குக் கொடுப்பவருக்கு 'சீடர்' என்று பெயர். கட்டைவிரல் கேட்கும் துரோணர் இல்லாத சீடர்கள் என்று நண்பர் ஒருவர் கிண்டலடிப்பார்.

விலையை யார் முடிவு செய்வது என்ற சண்டை நமக்குப் புதிதல்ல. லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் தன் 1936 மாநாட்டுக்குத் தலைமை தாங்க பாபாசாகேப் அம்பேத்கரை அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்ததும் பயந்துபோய் மாநாட்டையே கைவிட்டது. அம்பேத்கர் அந்த உரையைச் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். விலை எட்டணா. அதுதான் 'சாதி ஒழிப்பு'. இரண்டே மாதத்தில் அத்தனை படிகளும் தீர்ந்தன. அந்த ஜூலையில் 'ஹரிஜன்' இதழில் காந்தி அந்த நூலைப் பற்றி எழுதினார். உள்ளடக்கத்தோடு மல்லுக்கட்டியது ஒரு பக்கம் இருக்கட்டும், விலையையும் அவர் விடவில்லை. இரண்டணாவாக, இல்லாவிட்டால் நாலணாவாகவாவது குறைக்கலாம் என்று யோசனை சொன்னார்.

நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும் என்ற நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் மேடை மறுக்கப்பட்டு, கைக்காசைப் போட்டு அச்சடித்த ஒருவரிடம், அச்சுக்கூலியில் ஒரு பைசா பங்கு போடாத ஒருவர் 'விலையைக் குறை' என்கிறார். இந்த உரிமை எங்கிருந்து வருகிறது? அதே கேள்வியை இன்று டோரண்ட் தோழர்களிடமும் கேட்கிறேன்.

இதற்கு முன்பே, 1907இல், அயோத்திதாசப் பண்டிதர் தன் வார இதழுக்கு விலையையே பெயராக வைத்தார்: 'ஒரு பைசாத் தமிழன்'. அதைவிட மலிவாக யார் கொடுத்துவிட முடியும்? ஆனால் அந்த ஒரு பைசாவை முடிவு செய்தவர் பண்டிதரே. மலிவாகக் கொடுப்பதும் சும்மா கொடுப்பதும் செய்தவருக்கு உரிய உரிமை. பண்டிதரின் ஒரு பைசாவையும் பாபாசாகேப்பின் எட்டணாவையும் நான் ஒன்றாகவே பார்க்கிறேன்.

கூலி கேட்காமல் கொடுப்பது உயர்ந்த குணம் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்றும் யோசியுங்கள். சாவு விழுந்தால் பறையடிக்க வா, செத்த மாட்டைத் தூக்க வா, ஊர்ச் சேதி சொல்லிவிட்டு வா. கூலியைப் பற்றிப் பேசினால் 'இது வழக்கம்டா' என்பார்கள். வெட்டி என்ற சொல்லின் பின்னால் இருக்கும் வரலாறு அதுதான். அந்த வேலையை நம் தாத்தாக்கள் ஊர் ஊராகச் சண்டை போட்டு விட்டார்கள். இன்று நம் தெருவிலிருந்து ஒரு பெண், சிப்காட் ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ராத்திரி பழைய லேப்டாப்பில் கோடோ எஞ்சினைத் திறந்து இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு கேம் செய்கிறாள் என்று வையுங்கள். கோடோ இலவசம், திறந்த மூலநிரல், அதனால் இது நடக்கக்கூடியதுதான். அவள் நூறு ரூபாய் விலை வைக்கிறாள். வெளியான மறுநாளே அதை 'பொதுச்சொத்து' ஆக்கிவிடுவது எந்தக் கணக்கில் விடுதலை?

இது வெறும் கற்பனைப் பயம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2013 ஏப்ரலில் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற பெயரில் இரண்டு சகோதரர்கள் 'கேம் டெவ் டைகூன்' என்ற கேமை வெளியிட்டார்கள். விலை சுமார் 8 டாலர். அன்றே தாங்களே ஒரு திருட்டுப் பிரதியையும் டோரண்டில் விட்டார்கள். அதை விளையாடினால் கேமுக்குள் நீங்கள் நடத்தும் கம்பெனி, திருட்டுப் பிரதிகளால் நஷ்டப்பட்டு மூழ்கும். ஒரு நாள் முடிவில் காசு கொடுத்து விளையாடியவர்கள் 214 பேர். திருட்டுப் பிரதியில் விளையாடியவர்கள் 3,104 பேருக்குக் குறையாது. அதில் சிலர், 'என் கம்பெனி ஏன் மூழ்குகிறது, இதைத் தடுக்க வழி இல்லையா' என்று இணையத்தில் புலம்பினார்கள். சிரிப்பதா அழுவதா?

அந்த 3,104 பேரும் காசு கொடுத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பாதிப்பேர் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பெரிய கம்பெனி ஒன்று பத்தாயிரம் பிரதியை இழந்தால் அதன் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி மாறும். இரண்டு பேர் கம்பெனி இருநூறு பிரதியை இழந்தால் அடுத்த கேமே வராது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிற அரசியல் சோம்பேறி அரசியல்.

இப்போது மறுபக்கம். டோரண்ட் என்றாலே திருட்டு என்று கத்துகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. நம்மூரிலேயே நடந்ததைப் பாருங்கள். 2012இல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவைக் காட்டி இணைய நிறுவனங்கள் டோரண்ட் தளங்களை மட்டுமா அடைத்தன? விமியோவையும் சேர்த்து அடைத்தன. உலகம் முழுக்கச் சுயாதீனப் படக்காரர்கள் தங்கள் சொந்தப் படத்தைப் போட்டு வைக்கும் இடம் அது. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்டில் மறுபடியும், இரண்டு இந்திப் படங்களுக்காக, அதே நீதிமன்றத்தின் உத்தரவில் 2,600க்கும் மேற்பட்ட தளங்கள். அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவும் இருந்தது. பழைய நூல்களையும் இதழ்களையும் தேடிப் படிக்கிற மாணவருக்கு அது எவ்வளவு பெரிய நூலகம் என்று உங்களுக்கே தெரியும். பெரியவன் தன் தோட்டத்துக்கு வேலி போட்டால் அடைபடுவது நம் தெரு வழி.

கதவை அடைக்கிறவன் எப்போதும் படக் கம்பெனியாக இருப்பதும் இல்லை. மலக்குழியில் சாகும் நம் மக்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தை 2017இல் ஊர் ஊராகத் திரையிட விடாமல் போலீஸ் தடுத்தது. அவர் அதை யூடியூபில் வெளியிட்டார். யூடியூபும் ஒரு கம்பெனிதான், அரசு சொன்னால் அங்கிருந்து ஒரு படம் காணாமல் போகலாம். ஆயிரம் லேப்டாப்பில் துண்டு துண்டாகக் கிடக்கும் கோப்பை அப்படி ஒரே உத்தரவில் எடுத்துவிட முடியாது. சுடுகாட்டுப் பாதையைப் பற்றியோ, இரட்டைக் குவளையைப் பற்றியோ நாளைக்கு யாராவது ஒரு கேம் செய்தால், எந்தக் கடை அதைத் தைரியமாக வைக்கும்? அங்கே டோரண்ட் நம் கைக்கு வந்த ஆயுதம். ஏற்றுகிறவர் செய்தவராகவோ, அவர் சம்மதம் பெற்றவராகவோ இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படித் தாங்களே ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். 2017இல் போலந்தின் 'டார்க்வுட்' கேமைச் செய்த சிறு குழு, வெளியான கொஞ்ச நாளிலேயே, கேமை எந்தப் பூட்டும் இல்லாமல் பைரேட் பேயில் தாங்களே போட்டது. மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து அப்பா அம்மா கவலைப்படக் கூடாது என்று ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. பிடித்திருந்தால் பிறகு வாங்குங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். பகிர்வதும் சம்பாதிப்பதும் எதிரிகள் இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சி: ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு, 2020 ஜூனில், இட்ச் தளத்தில் நூற்றுக்கணக்கான சிறு படைப்பாளிகள் தங்கள் 1,700க்கும் மேற்பட்ட படைப்புகளை ஒரே கட்டாகக் கட்டி, குறைந்தது 5 டாலர் என்று வைத்தார்கள். 80 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அத்தனையும் கறுப்பின மக்களின் சட்டப் போராட்டத்துக்கும் ஜாமீன் நிதிக்கும் போனது. யாரும் பறிக்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள்.

நம் மாணவர்களுக்கு அவசரமாகச் சொல்ல வேண்டியது வேறொன்று. டோரண்டில் உங்கள் ஐபி முகவரி அதே கோப்பைப் பகிரும் எல்லோருக்கும் தெரியும். பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை. அது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேம் இறக்கியதற்காக யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள் என்கிறீர்களா? ஐ.ஐ.டி. விடுதிக்கு வர மாட்டார்கள். ஊரில் ஆணவக்கொலைக்கு எதிராகப் போஸ்டர் ஒட்டிய பையனைத் தூக்க ஒரு காரணம் தேடும் ஸ்டேஷனுக்கு, அவன் லேப்டாப்பில் இருக்கும் கிராக் கேமே போதும்.

கிராக் என்பது முகம் தெரியாத ஒருவன் பூட்டை உடைத்து மாற்றிக் கொடுத்த நிரல். கோப்பு ஏற்றியவனிடமிருந்து உங்களிடம் சிதையாமல் வந்ததா என்பதை மட்டுமே டோரண்ட் சரிபார்க்கும். ஏற்றியவன் யோக்கியனா என்று பார்க்காது. பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் கணினிக்குள் நெட்வயர் என்ற உளவு நிரல் நுழைந்ததையும், வழக்கில் ஆதாரமாகக் காட்டப்பட்ட கடிதங்கள் அதன் வழியாக உள்ளே வைக்கப்பட்டதையும் 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் அறிக்கை விவரித்தது. தொடக்கம், மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்பைத் திறந்ததுதான். வன்கொடுமை வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். நகல்களும் சாட்சிகளின் தொலைபேசி எண்களும் இருக்கிற இயக்க லேப்டாப்பில் கிராக் கேம் போடுகிறவரை என்னவென்று சொல்வது?

அப்படியானால் அரசு கொடுத்த லேப்டாப்பில் பென் டிரைவ் வழியாக வந்த கேமை விளையாடி வளர்ந்த நம் பையன் திருடனா? இல்லை. கார்டும் இல்லாத, டாலரும் தெரியாத பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்கு எந்தக் கடையும் கதவு திறந்து வைக்கவில்லை. அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் நூறு ரூபாய் கொடுக்காமல் அதற்கு அம்பேத்கரியம் பேசுகிறவரைத்தான் சொல்கிறேன்.

பாபாசாகேப் தன் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களுக்குப் பதிப்புரிமைக் காலம் 2016ஓடு முடிந்தது. அதை எத்தனை டோரண்டில் வேண்டுமானாலும் விடுங்கள், இரவு பகலாகச் சீடராக இருங்கள். உயிரோடு உழைத்துக்கொண்டிருக்கிறவரிடம் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். 'எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குப் பத்துப் பிரதி தர முடியுமா' என்று கேட்டால் மறுக்கிற இண்டிக்காரர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

செய்கிறவர்களுக்கு: உங்கள் கேமை இட்ச்சில் விலையோடு வையுங்கள். அங்கே தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை நீங்களே முடிவு செய்யலாம். ஸ்டீம் பொதுவாக 30 சதவீதம் எடுக்கும். இலவசமாக விட முடிவெடுத்தால் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுங்கள். அது தானாகவே டோரண்ட் கோப்பு உருவாக்கும், சீடர் ஒருவரும் இல்லாத ராத்திரியிலும் அதன் சர்வரே கொடுக்கும். மொபைல் டேட்டாவில் வாழும் நம் ஊர்களில் நாள் முழுக்கச் சீட் செய்ய யாரிடம் லைன் இருக்கிறது? கேமுக்குள்ளேயே, முதல் திரையில், உங்கள் யு.பி.ஐ. முகவரியைப் போடுங்கள். பென் டிரைவில் எத்தனை கை மாறினாலும் அது கூடவே போகும். செய்யாறு அரசு கலைக் கல்லூரியிலோ ஆரணிப் பக்கமோ யாராவது இப்படி ஏதாவது செய்துகொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். முதல் பிரதிக்கு நான் காசு கொடுக்கிறேன்.