தோத்தது நம்ம பயலுவ இல்ல, தோக்க வெச்சது நிர்வாகம்!



"140 கோடி பேர் இருந்து என்ன புண்ணியம், ஃபுட்சால்ல கூட ஜெயிக்க முடியல"ன்னு மீம் போட்டுச் சிரிக்கிறாங்க. சிரிக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க.

ஃபுட்சால் உலகக் கோப்பை தொடங்கியது 1989. ஆசியக் கோப்பை தொடங்கியது 1999. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் முதல் தேசிய கிளப் போட்டியை நடத்தியது 2021-இல்! இந்திய அணி ஆசியக் கோப்பை தகுதிச் சுற்றுக்கே போனது 2023-இல்!

அதாவது ஈரான் கோப்பை மேல் கோப்பையாக 12 முறை ஆசிய சாம்பியன் ஆன காலத்தில், நம்ம டெல்லி அதிகாரிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

2023-இல் துஷான்பேயில் தோற்றுத் திரும்பினோம். அந்த ஊர் தலைநகரான தஜிகிஸ்தானில் சுமார் 1 கோடி பேர்தான். ஆனால் அடுத்த வருஷமே உலகக் கோப்பையில் ஆடினார்கள். போரில் நொறுங்கிய ஆப்கானிஸ்தானும் அதே 2024 உலகக் கோப்பையில் ஆடியது. அவங்களுக்கு நம்மைவிடப் பணம் அதிகமா? ஆள் அதிகமா? இல்லையே!

நம்ம பசங்க சும்மா இருக்கல. 2025 செப்டம்பரில் குவைத்தில் மங்கோலியாவை வென்று காட்டினார்கள். குழுவைத் தாண்ட முடியவில்லைதான். ஆனால் இரண்டாவது முயற்சியிலேயே வெற்றி. திறமை இல்லைன்னு இனி யார் சொல்ல முடியும்?

ஃபுட்சாலுக்கு என்ன வேணும்? 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு நல்ல கெட்டித் தரை. அதிகம் எகிறாத ஒரு பந்து. பக்கத்துக்கு 5 பேர். ஏக்கர் கணக்கில் புல்வெளி வேண்டாம். இடம் குறைவான நம்ம ஊர் மாதிரி ஊருக்கென்றே அமைந்த ஆட்டம் இது!

ஆனால் இன்று பந்து உதைக்கணும்னா மணிக்கணக்கில் வாடகை கட்டி டர்ஃப் பிடிக்கணும். தறி ஓட்டுறவர் மகனும், பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குறவர் மகனும் அந்த வாடகைக்கு எங்கே போவான்? காசுள்ளவனுக்கு மட்டும் மைதானம் என்றால், அணியும் காசுள்ளவன் அணியாகத்தானே இருக்கும்?

எனவே நம் கோரிக்கை தெளிவானது:

✅ சங்கரன்கோவிலில் கட்டணமில்லாத பொது ஃபுட்சால் தரை ஒன்று வேண்டும்.
✅ அரசுப் பள்ளிகளுக்கு இடையே ஆண், பெண் இரு பாலருக்கும் ஆண்டுதோறும் போட்டி வேண்டும்.
✅ ஆண்டு முழுவதும் நடக்கும் தேசிய லீக் வேண்டும்.

அடுத்த முறை ஸ்கோரைப் பார்த்துச் சிரிக்கிறவனிடம் ஒரே கேள்வி கேளுங்க: "ஏலே, பயல் ஆடத் தரை எங்கலே?"

பகிருங்கள் சொந்தங்களே!

#தரைகொடு_ஆடிக்காட்டுறோம்