66 மீட்டர் துணி, 90 கிலோமீட்டர் தூரம்

ஒரு தொழிலாளர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு எத்தனை மீட்டர் துணி போதும்? இந்திய அரசிடம் இக்கேள்விக்கு விடை தயாராக உள்ளது: 66 மீட்டர். 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு தலைக்கு 18 கெஜம் வீதம் நால்வர் குடும்பத்துக்கு 72 கெஜம் என்று வகுத்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடின. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்கு ஒன்றிய அரசு வரைவு விதிகளை வெளியிட்டபோது கெஜம் மீட்டராக மாறிற்று. அளவு அப்படியே நின்றது. ஆளுக்குப் பதினாறரை மீட்டர். ஒரு பெண் மூன்று சேலை எடுத்தால் அவ்வாண்டின் பங்கு தீர்ந்துவிடும். இரவிக்கைத் துணிக்கு அரசின் கணக்கில் இடமில்லை.

1957இன் அளவுகோல் தொழிற்சங்க இயக்கம் போராடி ஈட்டியது என்பதை மறப்பதற்கில்லை. முதலாளி கொடுப்பதே கூலி என்றிருந்த நாட்டில், 2,700 கலோரி உணவு, உடை, வீட்டு வாடகை, எரிபொருள் எனத் தொழிலாளியின் தேவையிலிருந்து கூலியைக் கணக்கிட வேண்டும் என்ற கோட்பாட்டை அது நிலைநாட்டிற்று. 1991இல் ராப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்சநீதிமன்றம் கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்கு 25 விழுக்காட்டைச் சேர்த்தது. ஆயினும் இத்தனை இனங்களுக்கிடையில் வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடைப்பட்ட தூரத்துக்கென்று ஓர் இனம் இல்லை. ஆலைச் சங்கு ஒலித்தால் நடந்தே போய்ச் சேரும் தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கணக்கு அது.

கோலார் தங்கவயல் அத்தகைய ஊராகத்தான் இருந்தது. 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி அங்கே பொன் தோண்டியது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள், பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள், சுரங்க வாயிலை ஒட்டிய லைன் வீடுகளில் அடைக்கப்பட்டனர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த உலைக்குள் அரை நிர்வாணமே தொழிலாளியின் சீருடை. மேலேறி வந்ததும் அந்த அரைத் துணியையும் அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். பொன் துகளை ஒளித்திருப்பானோ என்ற ஐயம். மேட்டிலிருந்த துரைமார் பங்களாக்களில் கணப்படுப்பு எரிந்தது. அங்கே எவரும் எவரையும் சோதனையிடவில்லை. திருடன் யார் என்பதில் கம்பெனிக்குக் குழப்பமே இருந்ததில்லை போலும்!

இந்த இழிவைச் சுமந்த மக்கள்தான் 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 1940களின் விலையேற்றத்தில் கே.எஸ்.வாசன், வி.எம்.கோவிந்தன் ஆகியோர் தலைமையில் செங்கொடிச் சங்கத்தைக் கட்டினார்கள். 1960ஐ அடிப்படையாகக் கொண்ட தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் வகுக்கப்பட்டபோது தங்கவயலும் அதன் மையங்களுள் ஒன்றாக இருந்தது. இவ்வூர்க் கடையில் அரிசியும் வேட்டியும் என்ன விலை விற்றன என்பதை அரசு குறித்துவைத்தது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்தனர். விலையைக் குறிக்கும் வேலையும் நின்றது; 2016ஐ அடிப்படையாகக் கொண்ட இன்றைய குறியீட்டெண்ணின் 88 மையங்களில் தங்கவயல் இல்லை. எஞ்சியவை சயனைடு மேடுகளும் இரயில் பாதையும். காற்றடிக்கும் மாதங்களில் மேட்டுத்தூசு கொடியில் உலரும் துணிமேல் படிகிறது. பொன்னுக்காக 1894இல் போடப்பட்ட பாதையோ இன்று மனிதர்களை ஏற்றிச் செல்கிறது. மாரிகுப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களில் விடியுமுன் ஏறும் கூட்டம் சுமார் 90 கிலோமீட்டர் கடந்து பெங்களூரு சேர்கிறது. கட்டட வேலை, காவலாளி வேலை, துப்புரவு, கார்மெண்ட்ஸ். போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று குறைத்தே வைத்தாலும் 26 வேலை நாளுக்கு 104 மணி நேரம். எட்டு மணி ஷிப்டாகக் கணக்கிட்டால் மாதம் 13 ஷிப்டு, கூலியின்றி. 2023 முதல் கர்நாடகத்தில் பெண்களுக்கு அரசுப் பேருந்து இலவசம். அது மெய்யான உதவி. ஆனால் இழந்த தூக்கத்தை எந்த நடத்துநரும் திருப்பித் தருவதில்லை.

தூரம் வாழ்க்கைச் செலவை ஏற்றும் என்பது ஆளும் வர்க்கங்கள் அறியாத செய்தியன்று. பூமியின் வடகோடியில் கனடாவின் நுனாவுட் பகுதியைப் பாருங்கள். அங்குள்ள 25 ஊர்களில் ஒன்றுக்கும் வெளியிலிருந்து சாலை கிடையாது; கோடையில் கப்பல், மற்றக் காலத்தில் விமானம். பாலும் மாவும் குளிர் அங்கியும் அப்படியே வந்து சேர வேண்டும். இனுயிட் மக்கள் கரிபூ மான் தோலிலும் சீல் தோலிலும் தாமே தைத்த உடைகள் எந்தக் கடைச் சரக்குக்கும் குறைந்தவையல்ல. 1983இல் ஐரோப்பா சீல் குட்டித் தோலுக்குத் தடை விதித்தபோது சந்தை சரிந்து, வேட்டைக்காரர்களின் ரொக்க வருவாய் அற்றுப்போயிற்று. அங்கே பணிக்கு அனுப்பப்படும் கூட்டரசு ஊழியருக்குத் தொலைவுப் படி உண்டு. வேட்டைக்காரருக்கோ, 2011 முதல் உணவு மானியம், அதுவும் கடை முதலாளி வழியாக! 2012இல் மக்கள் விலைப் பட்டியலை அட்டையில் எழுதிக் கடை வாசலில் நின்று போராடினார்கள்.

கனடாவில் பெயரளவுக்கேனும் தொலைவுக்குப் படி உண்டு. இந்தியாவில் தொலைவுக்குத் தண்டம். பெருநகரை விட்டு விலக விலக வாழ்க்கை மலிவு என்பது இங்கே சட்டத்தின் ஊகம். 2020 வரைவு விதிகளின்படி 40 லட்சம் மக்கள்தொகை உள்ளது பெருநகரம், 10 லட்சத்துக்கு மேற்பட்டது அடுத்த நிலை, மற்றதெல்லாம் கிராமம். நூற்றிருபது ஆண்டு சுரங்கம் நடந்த, ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் தங்கவயலும் கிராமமே! 2025 ஏப்ரலில் கர்நாடக அரசு வெளியிட்ட குறைந்தபட்ச ஊதிய வரைவும் மாநிலத்தை மூன்று மண்டலங்களாக்கிற்று. பயிற்சியற்ற தொழிலாளிக்கு முதல் மண்டலத்தில் மாதம் 23,376 ரூபாய், மூன்றாவதில் 19,319 ரூபாய். அந்தத் தொகையையே தர இயலாது என்று முதலாளிகள் சங்கங்கள் கூக்குரலிட்டது வேறு கதை. ஒரே தையல், ஒரே ஊசி, ஒரே ஏற்றுமதிச் சட்டை. ஆலை வெளிமாவட்டத்துக்கு நகர்ந்தால் முதலாளிக்கு ஆளுக்கு 4,000 ரூபாய்க்கு மேல் ஆதாயம். ஊரிலேயே இருந்தால் குறைகூலி, பெங்களூரு போனால் 104 மணி நேரம்: தங்கவயல் பெண்ணின் முன் வைக்கப்படும் ‘தேர்வுச் சுதந்திரம்’ இதுதான்.

குளிர்நாட்டுக் கடைகளுக்கு மேலங்கி தைக்கும் இப்பெண்களுக்கு விலைவாசிக்கேற்ற பஞ்சப்படியாவது ஒழுங்காகக் கிடைத்ததா? 2020 ஏப்ரல் முதல் தரவேண்டிய மாதம் 417 ரூபாயைக் கொரோனாவைக் காரணம் காட்டி ஆலைகள் நிறுத்தின. மாநில அரசு ஒத்திவைப்பு ஆணை தந்து துணைநின்றது. உயர்நீதிமன்றம் அவ்வாணையைத் தடுத்த பின்னும் பல ஆலைகள் அசையவில்லை. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் நிலுவை அது.

தங்கவயலை மீண்டும் குறியீட்டெண் மையமாக்க வேண்டும். பயணச் செலவும் பயண நேரமும் ஊதியக் கணக்கில் தனி இனமாக ஏற வேண்டும். மண்டலப் பாகுபாடு ஒழிந்து, மாநிலம் முழுவதும் முதல் மண்டல ஊதியமே ஊதியமாக வேண்டும். இவற்றைக் கேட்டால் தொழில் வேறு மாநிலத்துக்கு ஓடிவிடும் என்று மிரட்டுவார்கள். 2016 பிப்ரவரியில் வருங்கால வைப்புநிதியில் முதலாளியின் பங்கை 58 வயது வரை முடக்கும் விதி வந்தது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், சாலையில் அமர்ந்தார்கள். இரண்டாம் நாள் மாலைக்குள் ஒன்றிய அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது.