காருக்குச் சலுகை, பஸ்ஸுக்குக் கதவடைப்பு!

மில் முதலாளி தொழிலாளியை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்டைப் பூட்டுவதற்குக் கதவடைப்பு என்று பெயர். திண்டுக்கல் பஞ்சாலைத் தொழிலாளிக்கு இந்த வார்த்தையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் சர்க்கார் பஸ்ஸையும் நடுரோட்டில் மறித்துக் கதவடைப்புச் செய்யலாம் என்ற புதுமையை 2025 ஜூலையில்தான் தமிழ்நாடு கண்டது.

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நான்குவழிச் சாலையில் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று நான்கு சுங்கச்சாவடிகள் உள்ளன. அவற்றில் வசூல் செய்யும் கம்பெனிகள் ஐகோர்ட்டுக்குப் போயின. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 276 கோடி ரூபாய் சுங்கப் பாக்கி வைத்திருப்பதாகக் கணக்குக் காட்டின. ஜூலை 10 முதல் அரசு பஸ்களை அந்த நான்கு சாவடிகளிலும் விடக்கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. பேசித் தீர்க்கிறோம் என்று சர்க்கார் அவகாசம் கேட்ட பிறகு அது நிறுத்தி வைக்கப்பட்டது. பஸ் ஓடியது. ஆனால் கேள்வி ஓடிப்போய்விடவில்லை.

யாருடைய பஸ்? மக்கள் பணத்தில் வாங்கிய பஸ். யாருடைய ரோடு? மக்கள் நிலத்தில் போட்ட ரோடு. நம் ரோட்டில் நம் பஸ் போவதற்கு நடுவே ஒருவன் கம்பைக் குறுக்கே போட்டுக்கொண்டு, கப்பம் கட்டிவிட்டுப் போ என்கிறான். இது திருமங்கலத்துக்காரன் விவகாரம், நமக்கென்ன என்று திண்டுக்கல்லில் யாரும் இருந்துவிட முடியாது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் அதே 44ஆம் நம்பர் நெடுஞ்சாலைதான் நம் ஊரையும் தொட்டுக்கொண்டு போகிறது. தெற்கே போனால் கொடைரோடு சாவடி. வடக்கே கரூர் பக்கம் போனால் வேலஞ்செட்டியூர் சாவடி.

"என்னிடம் இருப்பது மோட்டார் சைக்கிள். அதற்குச் சுங்கம் கிடையாதே?" என்று கேட்கும் தோழர் உண்டு. உண்மைதான், இரண்டு சக்கர வண்டிக்குச் சுங்கம் இல்லை. ஆனால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஏற்றும் தக்காளி லாரிக்கு உண்டு. நிலக்கோட்டைப் பூ ஏற்றிய வேனுக்கு உண்டு. அந்தச் சுங்கத்தை லாரிக்காரன் தன் பையிலிருந்தா கொடுக்கிறான்? வாடகையில் ஏற்றுகிறான். வியாபாரி அதை விவசாயிக்குக் கொடுக்கும் விலையில் கழிக்கிறான், அல்லது நாம் வாங்கும் விலையில் கூட்டுகிறான். பல சமயம் இரண்டையும் செய்கிறான்.

ரோடு போட்டவன் காசு கேட்கிறான், அதில் என்ன தவறு என்று வாதாடும் கனவான்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956இல் வந்தது. ரோடு போடுவது சர்க்காரின் கடமை என்றுதான் பல்லாண்டுகள் நடந்தது. 1995இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, தனியார் பணம் போட்டு வசூல் செய்துகொள்ளலாம் என்று வழி திறந்துவிட்டார்கள். சரி, அதனால் வரி குறைந்ததா? வண்டி வாங்கினால் சாலை வரி இருக்கிறது. டீசல் போட்டால் அதிலும் சாலைக்கென்று தனி வரி. 2018 மத்திய பட்ஜெட்டில் லிட்டருக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள். பின்னால் தொகை மாறியது, வரி ஒழியவில்லை. இவ்வளவும் கட்டிய பிறகு மூன்றாவதாகச் சாவடியில் சுங்கம். ஒரே ரோட்டுக்கு மூன்று தடவை விலை!

சுங்கம் ஏறுகிற விதியைப் பாருங்கள். 2008ஆம் ஆண்டு விதிப்படி வருஷா வருஷம் 3 சதவீதம் கட்டாய உயர்வு. அதற்கு மேல் மொத்த விலைவாசி ஏறியதில் 40 சதவீதம் சேர்த்து உயர்வு. சில சாவடிகளில் ஏப்ரல் 1, சில சாவடிகளில் செப்டம்பர் 1. யாரும் மனு கொடுக்க வேண்டாம், வாயிற்கூட்டம் போட வேண்டாம். தேதி வந்தால் கட்டணம் தானாக ஏறும். சுங்கக் கம்பெனிக்குச் சர்க்காரே கொடுத்திருக்கும் பஞ்சப்படி இது. நம் பஞ்சப்படிக்கு எத்தனை வருஷம் போராடினோம் என்பதை மூத்த தோழர்களைக் கேளுங்கள். மில்லில் காண்ட்ராக்டில் நிற்கும் பெண்ணுக்கும், வேடசந்தூர்ப் பக்கம் களையெடுக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இப்படித் தேதி பார்த்துக் கூலி உயர்த்தும் விதி ஏதாவது உண்டா?

இல்லை. பஸ் ஓட்டியவனுக்கே இல்லை. 2024 ஜனவரி 9ஆம் தேதி போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் கோரிக்கைகளில் முக்கியமான ஒன்று, ஓய்வு பெற்றவர்களுக்குப் பல வருஷமாக நிறுத்தி வைத்த அகவிலைப்படி. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்துத் தோள்பட்டை தேய்ந்த மனிதனுக்கு விலைவாசிப்படி கொடுக்கக் கஜானாவில் காசில்லை என்று பதில். அவன் ஓட்டிய பஸ் கடந்த சாவடிக்கு மட்டும் விலைவாசிப்படி தவறாமல் கிடைத்தது.

இனி சலுகைக் கதைக்கு வருவோம். 2025 ஆகஸ்ட் 15 அன்று மத்திய சர்க்கார் ஒரு பாஸ் கொண்டுவந்தது. அறிமுகமானபோது 3,000 ரூபாய் கட்டினால் ஒரு வருஷத்துக்குள் 200 தடவை சாவடி கடக்கலாம் என்று வைத்தார்கள். கணக்குப் போட்டால் தடவைக்கு 15 ரூபாய். யாருக்கு? சொந்தக் கார், ஜீப், வேன் வைத்திருப்பவர்களுக்கு. காரில் ஒருவர் போனாலும் அதே கட்டணம்தான். ஐம்பது அறுபது பேரை நெருக்கிக்கொண்டு போகும் அரசு பஸ்ஸுக்கு அந்தப் பாஸ் கிடையாது. சுதந்திர தினப் பரிசு யாருக்குக் கிடைத்தது பார்த்தீர்களா!

இது நம் பக்கத்து விசித்திரம் மட்டும் அல்ல. பாலைவன மாநிலமான ராஜஸ்தானத்தில், தேர்தல் ஆண்டான 2018இல், மாநில நெடுஞ்சாலைகளில் சொந்தக் கார்களுக்குச் சுங்கம் இல்லை என்று அறிவித்தார்கள். லாரிக்கு அந்தச் சலுகை இல்லை. அடுத்து வந்த வேறு கட்சி சர்க்கார் 2019 நவம்பரில் காருக்கும் திரும்பச் சுங்கம் போட்டது. கட்சி மாறியது, சாவடி மாறவில்லை. அதே மாநிலத்தின் ஜெய்ப்பூர் விமான நிலையம் 2021 அக்டோபரில் 50 வருஷக் குத்தகைக்கு அதானி கம்பெனியிடம் போனது. மணலானாலும் வயலானாலும் இவர்கள் கண்ணுக்கு ரோடும் விமான நிலையமும் வசூல் பெட்டிதான்.

விமானம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கூலி வேலைக்குப் போவது திருச்சி, மதுரை விமான நிலையங்கள் வழியாகத்தான். ஆனால் மதுரை விமான நிலையத்தை விரிவாக்க நிலம் கேட்டபோது, 2024 நவம்பரில் சின்ன உடைப்பு மக்கள் மாற்று இடம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. ஊர் கொடுத்தவன் தெருவில் நிற்க வேண்டும். நிலையம் பெருத்த பிறகோ, 2021இல் டில்லி வெளியிட்ட ‘பணமாக்கும்’ திட்டம் விமான நிலையங்களை வரிசையாகத் தனியார் கைக்குக் கொடுக்கக் காத்திருக்கிறது.

ரயிலும் தப்பவில்லை. கொரோனாவைச் சாக்காக வைத்துப் பாசஞ்சர் வண்டிக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி, 10 ரூபாய்க் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ஆக்கினார்கள். வண்டி அதே வண்டி, நிற்கிற ஸ்டேஷனும் அதே ஸ்டேஷன். 2024 பிப்ரவரியில், தேர்தல் வாசலில் வந்து நிற்கும்போதுதான், பழைய 10 ரூபாய் திரும்பியது.

அப்படியானால் ஏழைக்கு மிஞ்சுவது பஸ். இந்தப் பக்கத்துப் பஸ்ஸுக்கு ஒரு வரலாறு உண்டு. தனியார் பஸ் முதலாளிகளின் ஆட்சியை ஒடுக்கி 1972இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பின்னால் திண்டுக்கல்லுக்கென்றே ராணி மங்கம்மாள் பெயரில் ஒரு கழகம் இருந்தது. சாலை போட்டுச் சத்திரம் கட்டிய அந்த ராணியின் பெயர் பொருத்தமான பெயர்தான். இந்தப் பஸ்கள் வந்ததால்தான் மலையடிவாரத்து ஊர்களிலிருந்து பிள்ளைகள் ஹைஸ்கூலுக்கு வந்தன. லாபம் வராத ரூட்டில் தனியார் முதலாளி ஒருநாளும் வண்டி விட்டதில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கூலிக்குப் போகும் பெண்ணின் கையில் இதனால் மாதம் சில நூறு ரூபாய் மிஞ்சுகிறது. இதைப் பார்த்துத்தான் சிலருக்கு வயிறு எரிகிறது. "இலவசத்தால் கழகம் நஷ்டம்" என்று கூசாமல் பேசுகிறார்கள். நான்கே சாவடிகள் கேட்ட 276 கோடியைப் பற்றி இவர்கள் வாய் திறந்ததுண்டா?

டவுன் பஸ் வராத ஊரில் என்ன நடக்கிறது என்பதுதான் நம்மை உறுத்தும் விஷயம். அங்கே மில் வண்டி வருகிறது. விடியுமுன் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. ஷிப்டு முடிந்தாலும் வண்டி எடுத்தால்தான் வீடு. ஓவர்டைம் பார்க்க மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? உடம்பு சரியில்லை, பாதியில் போகிறேன் என்றால் எந்த வண்டியில் போவாள்? சங்கக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் நின்றால் எப்படித் திரும்புவாள்? மெஷினுக்கு முன்னால் மட்டுமல்ல, ரோட்டிலும் அவள் முதலாளியின் கைக்குள்தான் இருக்கிறாள். சொந்த ஊருக்கு ஒரு சர்க்கார் பஸ் இருந்தால், அவள் சூப்பர்வைசரை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிற தோரணையே வேறாக இருக்கும்.

ஆகவே அரசு பஸ்ஸுக்கு எந்தச் சாவடியிலும் சுங்கம் கூடாது என்று கேட்கிறோம். ஷிப்டு மாறும் நேரத்துக்கு வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டை வட்டார மில்களுக்கு டவுன் பஸ் வேண்டும் என்று கிளைகள்தோறும் கையெழுத்து வாங்கி டிப்போ மானேஜரிடம் கொடுங்கள். டீசலுக்குப் பணமில்லை, டிரைவர் இல்லை என்று அவர் கையை விரித்தால், கப்பலூர்க் கணக்கை எடுத்து மேஜை மேல் வையுங்கள்.