வேகத்திற்கு முன் வேண்டுவது

பழைய அமெரிக்க மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கு ஆற்றல் கூட்ட விழைவோர் பலர். கடையிற் கண்ட உறுப்பையெல்லாம் வாங்கிப் பூட்டுதல் அதற்கு வழியாகாது. முறையறிந்து திட்டமிடுதலே வேண்டுவது என்பது எம் கருத்து.

1964ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 389 கன அங்குலக் கொள்ளளவுடையது. மூன்று கார்புரேட்டர் பொருத்தியதன் ஆற்றல் 348 குதிரைச் சக்தி எனப்பட்டது. ஆயின் அக்கணக்கு, எஞ்சினைத் தனியே நிறுத்தி அளந்தது. வண்டியிற் பூட்டிய நிலைக்கு ஏற்ப அளக்கும் முறை அமெரிக்காவில் 1972இல்தான் பொதுவாயிற்று. ஆதலின் உள்ள ஆற்றலை உள்ளவாறு அளந்தறிதலே முதற்படி.

எஞ்சினும் மூச்சுவிடும் பொருளே. காற்று நுழையும் வழியை அகலமாக்கி, புகை வெளியேறும் வழியைக் குறுகலாகவே விடுத்தாற் பயன் சிறிது. வால்வுகளை நெடிது திறந்துவைக்கும் காம்ஷாஃப்ட் மிகு சுழற்சியில் ஆற்றல் தரும். குறை சுழற்சியில் இழுவையைக் குறைக்கும். நாளும் கடைவீதிக்குச் செல்லும் வண்டிக்கு அது தகுமோ? அழுத்த விகிதத்தை உயர்த்தினால், எரிபொருள் கட்டுமீறி வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கவுங் கூடும். கிடைக்கும் பெட்ரோலின் தரமறிந்தே அதனைச் செய்தல் வேண்டும்.

இவை யாவினும் தலையாயது ஒன்றுண்டு. அவ்வண்டியின் நான்கு சக்கரங்களிலும் அமைந்தவை டிரம் பிரேக்குகளே. அடுத்தடுத்து அழுத்தின் அவை வெப்பமுற்றுப் பிடிப்பிழக்கும். ஓடுந் திறனைப் பெருக்கி, நிற்குந் திறனைப் பெருக்காதான் தன்னுயிரோடு பிறருயிரையும் பணயம் வைக்கின்றான் அன்றோ? முதற்செலவு பிரேக்கிற்கே ஆகுக. எஞ்சிய பொருளே எஞ்சினுக்கு ஆகுக!