செங்காந்தளின் கோடை உறக்கம்

ஜவ்வாது மலைக் கிராமங்களில் பங்குனி மாதத்தில் செல்லும்பொழுதெல்லாம் திண்ணையோரத் தொட்டிகளில் ஒரே காட்சியைக் காண்கிறேன். கார்த்திகையில் கண்ணைப் பறித்த செங்காந்தட் கொடி சருகாகிக் கிடக்கின்றது. செடி மாண்டதென்று சிலர் தொட்டியைக் குப்பையிற் கவிழ்த்துவிடுகின்றனர். வேறு சிலர் இரக்கங்கொண்டு நாள்தோறும் ஜலம் வார்க்கின்றனர். பின்னவரே எனக்கு அதிக வருத்தம் அளிக்கின்றனர். கவிழ்த்த குப்பையிலாவது கிழங்கு பிழைக்கக்கூடும், ஈரத்தில் அது அழுகியே போகும்.

காந்தள் மாளவில்லை, உறங்குகின்றது. குளிர் நாட்டுத் தோட்ட நூல்கள் பனிக்காலத்தில் நீரைக் குறைக்கச் சொல்வது அந்நாட்டுச் செடிகளுக்கே பொருந்தும். நமது காந்தளை ஒடுக்குவது வறட்சி. காய் முற்றியபின் கொடியைக் கைவிட்டுக் கிழங்கினுள் அடங்கி, ஆனி, ஆடி மழை வரை அது காத்திருக்கின்றது. இலையற்ற கிழங்குக்கு நீர் வேண்டியதில்லை.

ஆகவே இலை மஞ்சளித்ததும் நீரைச் சிறுகக் குறைத்து, தண்டு உலர்ந்தபின் அறவே நிறுத்துக. சித்திரையின் கோடை மழை படாதவாறு தொட்டியைக் கூரையின் கீழ் நிழலில் வைத்து, கிழங்கை அசைக்காது விடுதலே நலம் என்பது எனது அபிப்பிராயம். எடுத்தே தீரவேண்டுமாயின், மண்வெட்டி கூடாது. கையால் மண்ணை விலக்குக. கலப்பைபோல் வளைந்த அக்கிழங்கின் முளை நுனியில் மட்டுமே உண்டு. நுனி ஒடிந்தால் அக்கிளை முளையாது. கழுவாமல், உலர்ந்த மணலிற் புதைத்து வைக்கலாம்.

எங்கே வைப்பது என்பதே பெரிய விஷயம். அடுக்களைப் பரணில், உண்ணும் கிழங்குகளுக்கு அருகே இதனை வைத்திருக்கும் வீடுகளைக் கண்டிருக்கிறேன். இது மிகுந்த அபாயம். இக்கிழங்கில் கால்ச்சிசின் என்னும் கடும் விஷம் உண்டு. வேகவைத்தாலும் அது நீங்காது. சிறிதளவு உண்டாலும் வாந்தியும் பேதியும் கண்டு உயிர் போகக்கூடும். இலங்கையில் இதனை உண்ட ஒரு பெண்ணுக்குத் தலைமயிரும் உடல் உரோமமும் உதிர்ந்த செய்தி 1966-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. அங்கே சர்க்கரைவள்ளியென மயங்கி உண்டோரும் உளர். குழந்தைகள் எட்டாத இடத்தில், பூட்டிய பெட்டியில், பெயரெழுதி வைக்கவேண்டும். கிராம அதிகாரிகள் வீடுகளுக்குச் செல்லும்பொழுது இதை ஒருமுறை விசாரிப்பார்களாயின் பேருதவியாகும். எவரேனும் உண்டுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரம் போக்காமல், மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுக.

ஆனியில் நல்ல மழை பெய்தபின் தொட்டியை வெளியே எடுத்து, முதலில் சிறிதளவே நீர் தெளிக்கவும். முளை தோன்றச் சில வாரங்கள் ஆகலாம். அதற்குள் தோண்டிப் பார்ப்பவர் முளையை ஒடித்துவிடுவர்.