தொட்டது யாருக்குத் தெரியும்?

ஒருவன் எத்தகையவன் என்றறிய அவனோடு பல்லாண்டு பழக வேண்டியதில்லை; நாலு மாலை அவனோடு சடுகுடு ஆடினால் போதும் என்பது என் கருத்து. வகுப்பறையில் எல்லோரும் அடக்கமானவர்களே. மேடையில் எல்லோரும் உத்தமர்களே. ஆடுகளத்தில் மட்டும் வேடம் நிலைப்பதில்லை.

அறுவடை முடிந்த வயல்தான் எங்கள் ஊரில் ஆடுகளம். சாம்பலால் கோடு போடுவோம். அணிக்கு எழுவர் என்பது கபடி விதி. எங்களுக்கோ வந்தவர்களெல்லாம் ஆட்டக்காரர்கள். அங்கேதான் நான் மனிதர்களைப் படித்தேன். ஒவ்வொரு முறையும் தானே பாடிச் செல்லத் துடிப்பவன் உண்டு. பிடி நழுவினால் பக்கத்தில் நின்றவனைத் திட்டுபவன் உண்டு. எதிராளியின் காலைப் பற்றிக்கொண்டு, மற்றவர்கள் வந்து சேரும்வரை புழுதியில் கிடப்பவனும் உண்டு. கைதட்டல் என்னவோ கடைசியில் வந்து அமுக்கியவனுக்குத்தான்!

ஆட்டமிழந்தவன் தன் முயற்சியால் மீண்டும் உள்ளே வர முடியாது. தோழன் ஒருவன் எதிரணியில் ஆளை வீழ்த்தினால்தான் இவனுக்கு ‘உயிர்’ வரும். ‘நான்’ என்னும் செருக்கை அடக்க இதைவிட நல்ல பாடம் உண்டா?

ஆனால், குழு விளையாட்டு நற்பண்பை மட்டுமே வளர்க்கும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது, பொங்கலன்று பக்கத்து ஊரோடு போட்டி. கடைசி நிமிடம். பாடி வந்தவனின் விரல்நுனி என் தோளில் பட்டது. நடுவர் கவனிக்கவில்லை. “தொட்டேன்” என்றான் அவன். “இல்லை” என்றேன் நான். ஒரு புள்ளியில் வென்றோம். என்னைத் தோளில் தூக்கி ஆடினார்கள். பின்னால் நின்ற எங்கள் அணித்தலைவர் அண்ணன் மட்டும் இரவில் என்னிடம், “பட்டதை நானும் பார்த்தேன்டா தம்பி” என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அணிக்காக என்று நான் பொய் சொன்னேன். அணிக்காக என்று அவர் வாய் மூடிக்கொண்டார். ஒற்றுமைக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு.

2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஒரே பாட்டுக்கு யாருக்கு எத்தனை புள்ளி என்ற வழக்கால், இந்தியாவும் ஈரானும் நெடுநேரம் ஆடாமல் காத்திருக்க நேர்ந்தது. பிறகு இந்தியா 33–29 என்று வென்றது. நடுவர்களும் கேமராக்களும் இருந்த இடத்திலேயே இத்தனை சிக்கல்! வயல்வெளியில் தொடப்பட்டவனின் மனச்சான்றே சாட்சி.

விளையாட்டு நம்மை நல்லவராக்கிவிடுவதில்லை. நாம் யார் என்று காட்டுகிறது. கண்டபின் திருந்துவது நம் பொறுப்பு. மாணவ நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே! விளையாட்டு விழாவில் சிறந்த ஆட்டக்காரருக்குப் பரிசளிக்கிறோம். நடுவர் காணாதபோதும் “பட்டது” என்று தானே கையுயர்த்தி வெளியேறுபவனுக்கும் ஒரு பரிசு வைத்தால் என்ன? அந்தப் பரிசுக்கு நான் அன்று தகுதியற்றவனாயிருந்தேன். அதனால்தான் கேட்கிறேன்.