12 நிமிடத்தில் முடிவு சொல்லலாமா?



ரக்பியில் பந்தோடு ஓடி, எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால் 5 புள்ளி. பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. 2023 மே 20, ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப்போட்டி, டப்ளின் நகரம். உள்ளூர் அணி லெய்ன்ஸ்டர் 12 நிமிடத்திலேயே 17-0! பிரான்சின் லா ரோஷெல் கதை முடிஞ்சதுன்னுதானே நினைப்போம்? 80 நிமிடம் முடிஞ்சப்போ 27-26, ஒரே புள்ளியில் லா ரோஷெல் வெற்றி! இரு அணியும் மும்மூன்று முறை கோட்டைத் தாண்டின. அந்த 2 புள்ளி உதையில் லா ரோஷெல் மூன்றையும் அடித்தது; லெய்ன்ஸ்டர் ஒன்றுதான்.

காலாண்டு மார்க்கைப் பார்த்து "இது தேறாது, படிப்பை நிறுத்து" என்று பெரியவங்க சொல்வது நியாயமே இல்லை. அரையாண்டும் முழு ஆண்டும் பாக்கி இருக்கே! நாமும் 2 மார்க் கேள்வியை அலட்சியமா விடக்கூடாது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி